பூஞ்சைப் புரதங்கள்: தடுப்பூசிக்கு முன்னே நோயறிதல்

(பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வைரஸ் நோய்களுக்குத் தடுப்பூசி உண்டு. பாக்டீரியா நோய்கள் பலவற்றுக்கும் உண்டு. மனிதரைத் தாக்கும் பூஞ்சை நோய் ஒன்றுக்குக்கூட இன்றுவரை அனுமதி பெற்ற தடுப்பூசி எதுவும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2022-ஆம் ஆண்டில்தான் உடனடிக் கவனம் தேவைப்படும் பூஞ்சைகளின் பட்டியலை முதன்முறையாக வெளியிட்டது. அதில் 19 பூஞ்சைகள் இருக்கின்றன. கிரிப்டோகாக்கஸ் நியோஃபார்மன்ஸ், கேண்டிடா ஆரிஸ், ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்யூமிகேட்டஸ், கேண்டிடா ஆல்பிகன்ஸ் ஆகிய நான்கும் அதன் முதல் வரிசையில் நிற்கின்றன. இந்தத் தாமதத்துக்கு வழக்கமாக இரண்டு காரணங்கள் சொல்வார்கள். பூஞ்சை நோய்க்கு ஆராய்ச்சிப் பணம் வருவதில்லை என்பது ஒன்று. எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்குத்தான் இந்நோய் வருகிறது, அவர்களுக்கு ஊசி போட்டு என்ன பயன் என்பது மற்றொன்று. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் பூஞ்சையின் இயல்பிலேயே இன்னும் ஆழமான காரணம் ஒன்று இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் ஆராய்ச்சி எந்த வரிசையில் நடக்க வேண்டும் என்பதும் தெளிவாகும். இன்று நான் முன்வைக்கும் கருத்து இதுதான்: பூஞ்சைத் தடுப்பூசிக்குப் போகும் பாதை நோயறிதலின் வழியாகவே செல்கிறது, அந்த இரண்டுக்கும் அடிப்படை, பூஞ்சை நம் திசுவுக்குள் நுழையும்போது செய்துகொள்ளும் புரதங்களைப் பற்றிய அறிவு.

பூஞ்சையைச் செடி கொடிகளோடு சேர்த்துப் பார்ப்பது நம் பழக்கம். உயிரியல் உறவுமுறையில் அது செடியைவிட விலங்குக்குத்தான் நெருக்கம். அதன் உயிரணுவில் நம்முடையதைப் போலவே உட்கரு உண்டு, மைட்டோகாண்ட்ரியா உண்டு; புரதம் மடிக்கும் முறையும் கழிவகற்றும் முறையும் பெரும்பாலும் ஒன்றே. நெல் வயலில் நெல்லைப் போலவே முளைத்து நிற்கும் களையை அழிக்க நினைப்பவருக்கு வரும் சிக்கல்தான் இங்கேயும். எதை ஊற்றினாலும் பயிரும் சேர்ந்து வாடும். பூஞ்சைக் கொல்லி மருந்துகளின் வகைகள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடுவது இதனால்தான். அவற்றில் பெரும்பாலானவை, நம் உடலில் இல்லாத எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பையோ செல்சுவரின் குளுக்கனையோ குறிவைக்கின்றன. தடுப்பூசிக்கும் இதே தடை உண்டு. பூஞ்சையை முழுதாக எடுத்துக் கொன்று உடலில் செலுத்தினால், நம் புரதங்களை ஒத்த நூற்றுக்கணக்கான புரதங்களையும் எரிச்சலூட்டும் செல்சுவரையும் சேர்த்தே செலுத்துகிறோம்.

இதற்குச் சான்றாக ஒரு பெரிய மனிதச் சோதனையே நடந்திருக்கிறது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா, அரிசோனா பகுதிகளின் வறண்ட மண்ணில் வாழும் காக்சிடியாய்டிஸ் என்ற பூஞ்சை, பள்ளத்தாக்குக் காய்ச்சலை உண்டாக்குகிறது. நல்ல உடல்நலம் உள்ளவர்களையும் அது விடுவதில்லை. 1980-களின் முற்பகுதியில், ஃபார்மலினால் கொல்லப்பட்ட முழுப் பூஞ்சையைக் கொண்ட தடுப்பூசியை அங்கே சோதித்தார்கள். கலந்துகொண்டவர்கள் 2,867 பேர். ஊசி பெற்ற 1,436 பேரில் 9 பேருக்கு நோய் வந்தது. போலி ஊசி பெற்ற 1,431 பேரில் 12 பேருக்கு வந்தது. பாதுகாப்பு கிடைத்தது என்று சொல்ல இந்த வேறுபாடு போதாது. சுண்டெலிகளை அருமையாகக் காப்பாற்றிய அதே தடுப்பூசி மனிதரிடம் ஏன் தோற்றது? ஊசி போட்ட இடத்தில் வீக்கமும் வலியும் கடுமையாக இருந்ததால், உடல் எடைக்கு ஏற்ற அளவை மனிதருக்குக் கொடுக்க முடியவில்லை. முழுப் பூஞ்சை வேண்டாம், தேவையான புரதத்தை மட்டும் பொறுக்கியெடுக்க வேண்டும் என்பது இதிலிருந்து பலரும் கற்ற பாடம். இன்னொரு பாடத்தை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. மூவாயிரத்தை நெருங்கும் மக்களைத் தொடர்ந்து கவனித்தும் மொத்தம் 21 நோயாளிகள்தான் கணக்கில் வந்தார்கள். இவ்வளவு சிறிய எண்ணிக்கையை வைத்துக்கொண்டு ஒரு தடுப்பூசி நல்லது என்றோ தீயது என்றோ உறுதியாகத் தீர்ப்புச் சொல்வது அரிது. இந்தப் பாடத்துக்குக் கடைசியில் மீண்டும் வருகிறேன்.

எந்தப் புரதத்தைப் பொறுக்குவது? மரபணுத் தொகுப்பைப் படித்துவிட்டால் போதும் என்று தோன்றலாம். ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்யூமிகேட்டஸின் மரபணுத் தொகுப்பு 2005-இலேயே வெளியாகிவிட்டது. அதில் ஏறத்தாழ பத்தாயிரம் மரபணுக்கள் உள்ளன. ஆனால் அந்தத் தொகுப்பு பூஞ்சையால் என்னென்ன செய்ய முடியும் என்று மட்டுமே சொல்லும். எப்போது, எங்கே, எதைச் செய்கிறது என்று சொல்லாது. அதே ஆஸ்பெர்ஜில்லஸின் வித்துக்களை நாம் தினமும் சுவாசிக்கிறோம். நுரையீரல் அவற்றைக் கண்டுகொள்வதில்லை. வித்தின் மேல் ரோட்-ஏ என்ற நீர் ஒட்டாத புரதம் போர்வையாக மூடியிருப்பதே காரணம் என்று 2009-இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் காட்டினார்கள். வித்து முளைவிடும்போது அந்தப் போர்வை உதிர்ந்து, வேறு மூலக்கூறுகள் வெளிப்படுகின்றன. கேண்டிடா ஆல்பிகன்ஸும் அப்படித்தான். நம்மில் பலருடைய வாயிலும் குடலிலும் அது உருண்டை வடிவில் தொல்லையின்றி வாழ்கிறது. இழையாக நீண்டு திசுவுக்குள் புகும்போதுதான் ஆல்ஸ்-3 என்ற ஒட்டும் புரதத்தை மேற்பரப்பில் நிறுத்துகிறது. 31 அமினோ அமிலங்களே கொண்ட கேண்டிடாலைசின் என்ற நச்சையும் சுரக்கிறது. மனிதரைத் தாக்கும் பூஞ்சையொன்றில் முதன்முதலாக இனங்காணப்பட்ட இந்தப் புரத நச்சு 2016-இல்தான் வெளியுலகுக்குத் தெரிய வந்தது. மரபணுத் தொகுப்பு கையில் இருந்தும் அதற்குப் பின் பல ஆண்டுகள் அது கண்ணில் படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நம் ஊர்ச் சான்று ஒன்றும் இங்கே பொருந்துகிறது. தென்னிந்தியாவில் கண்ணின் கருவிழியில் வரும் புண்களில் பெரும்பங்கு பூஞ்சையால் வருகிறது. 1994-இல் மதுரையில் நோயாளிகளிடம் நடத்தி 1997-இல் வெளியான ஆய்வில், பூஞ்சையும் பாக்டீரியாவும் ஏறக்குறைய சரிபாதியாக இருந்தன. வயல் வேலையில் நெற்சோகையோ தூசியோ கண்ணில் பட்டுப் புண்ணாகி, ஃப்யூசேரியமும் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸும் உள்ளே புகுகின்றன. மதுரை அரவிந்த் கண் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், நோயாளியின் கருவிழியிலிருந்து எடுத்த ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸையும் மட்கும் பொருள்களில் வாழும் அதே இனத்தையும் வளர்த்து, அவை சுரக்கும் புரதங்களை ஒப்பிட்டார்கள். கருவிழியிலிருந்து வந்தவை, புரதத்தைச் சிதைக்கும் ஆல்கலைன் புரோட்டியேஸ் என்ற நொதியை மிகுதியாகச் சுரந்தன. இனம் ஒன்று, ஆனால் அது வாழ்ந்த இடத்துக்கேற்ப அது செய்யும் வேலை மாறுகிறது. ஆகவே ஆய்வகத் தட்டில் வளரும் பூஞ்சையின் புரதங்களைப் பட்டியல் போடுவது தொடக்கம் மட்டுமே. நோயாளியின் திசுவில், கண்ணீரில், இரத்தத்தில், சிறுநீரில் தேடுவதுதான் ஆய்வின் மையமாக இருக்க வேண்டும்.

அப்படித் தேடினால் என்ன கிடைக்கும் என்பதற்கு மியூக்கர்மைகோசிஸ் நல்ல எடுத்துக்காட்டு. 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது இந்தியாவில் ஜூன் இறுதிக்குள் 40,000-க்கும் மேற்பட்டோர் இந்நோயால் பாதிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாடு அரசு அந்த ஆண்டு மே மாதம் இதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆக்கியது. கட்டுப்படாத சர்க்கரை நோயும் ஸ்டீராய்டு மருந்தும் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள். சர்க்கரை ஏன் இந்தப் பூஞ்சைக்கு மட்டும் இவ்வளவு வழிவிடுகிறது என்ற கேள்விக்கு விடை, அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே லாஸ் ஏஞ்சலிஸில் அஷ்ரஃப் இப்ராஹிம் குழுவினரின் ஆய்வில் கிடைத்திருந்தது. இந்நோயை உண்டாக்கும் ரைசோபஸ் பூஞ்சையின் மேற்பரப்பில் காத்-எச்-3 என்ற புரதம் இருக்கிறது. நம் உயிரணுக்களில் உள்ள ஜிஆர்பி-78 என்ற புரதத்தை அது பற்றிக்கொண்டு உள்ளே நுழைகிறது. இரத்தத்தில் சர்க்கரையும் இரும்பும் கீட்டோன்களும் கூடும்போது நம் பக்கத்து ஜிஆர்பி-78 பெருகுகிறது. பூஞ்சைப் பக்கத்துக் காத்-எச்-3-உம் பெருகுகிறது. இரு பக்கமும் ஒரே சமயத்தில் கதவு திறக்கிறது. மூக்கின் உட்தோலில் இது நடக்கிறது. நுரையீரலின் காற்றுப்பைகளில் காத்-எச்-7 என்ற உறவுப் புரதம் வேறொரு ஏற்பியைப் பற்றுகிறது. சர்க்கரை நோயாளிக்கு மூக்கிலும் கண்ணிலும், இரத்தப் புற்றுநோயாளிக்கு நுரையீரலிலும் இந்நோய் அதிகம் வருவதன் பின்னணி இதனால் விளங்கத் தொடங்குகிறது. இன்னொன்று: காத்-எச் புரதக் குடும்பம் இவ்வகைப் பூஞ்சைகளில் இருக்கிறது, ஆஸ்பெர்ஜில்லஸிலோ கேண்டிடாவிலோ நம்மிலோ இல்லை. அதற்கு எதிரான எதிர்ப்பொருள் சுண்டெலிகளைக் காப்பாற்றியது. அதே புரதத்துக்குரிய மரபணுத் துண்டைச் சிறுநீரில் கண்டுபிடித்து நோயறியலாம் என்றும் 2018-இல் காட்டினார்கள். நுழைவுக்கு இன்றியமையாத புரதம் ஒன்று கிடைத்ததும் நோயறிதல், சிகிச்சை, தடுப்பு மூன்றுக்கும் வழி பிறந்துவிட்டது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். நோயறிவதற்குப் புரதம் எதற்கு? இன்று மருத்துவமனைகளில் நன்றாக வேலை செய்யும் பூஞ்சைப் பரிசோதனைகள் பெரும்பாலும் சர்க்கரைச் சங்கிலிகளைத்தானே தேடுகின்றன? இந்த மறுப்பில் உள்ள உண்மையை மறைக்கத் தேவையில்லை. உலகிலேயே மிகச் சிறந்த பூஞ்சை நோயறிதல் கருவி, கிரிப்டோகாக்கஸின் உறையிலுள்ள பாலிசாக்கரைடைக் கண்டுபிடிக்கும் காகிதப் பட்டைதான். சில நிமிடங்களில் விடை தரும். எச்ஐவி நோயாளிகளிடம் மூளைக்காய்ச்சல் அறிகுறி தோன்றுவதற்குச் சில வாரங்கள் முன்பே எச்சரிக்கும். ஆஸ்பெர்ஜில்லஸுக்கு கேலக்டோமன்னன் சோதனை இருக்கிறது. ஆனால் மியூக்கர் வகைப் பூஞ்சையிடம் இந்தக் கேலக்டோமன்னன் சோதனையும் பயன்படாது, பீட்டா குளுக்கன் சோதனையும் பயன்படாது. 2021-இல் நம் மருத்துவர்கள் திசுவை வெட்டியெடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் வரை காத்திருக்க நேர்ந்ததற்கு இதுவே காரணம். வியட்நாம், தென்சீனம், நம் மணிப்பூர் ஆகிய இடங்களில் எச்ஐவி நோயாளிகளைத் தாக்கும் டாலரோமைசிஸ் மார்னெஃபியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் செல்சுவரிலிருந்து இரத்தத்தில் கலக்கும் எம்பி-1 என்ற மன்னோபுரதத்தைத் தேடும் சோதனை, வியட்நாம் நோயாளிகளில் ஏறத்தாழ 86 விழுக்காட்டினரைக் கண்டுபிடித்தது. இரத்தக் கல்ச்சர் 73 விழுக்காட்டினரைத்தான் கண்டது. கேண்டிடா ஆரிஸ் மருத்துவமனைகளில் பரவியபோது பழைய வேதிச் சோதனைகள் அதை வேறு இனமென்று தவறாகக் காட்டின. நுண்ணுயிரின் புரதங்களை எடைபோட்டு அடையாளம் காணும் நிறைமாலைமானி சரியாகக் காட்டியது. சர்க்கரைச் சங்கிலிகள் பல பூஞ்சைகளுக்குப் பொதுவானவை. எந்தப் பூஞ்சை என்று பிரித்துச் சொல்லப் பெரும்பாலும் புரதமோ அதன் மரபணுவோதான் வேண்டும்.

ஆனால் புரதத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தால் பிரேசில் நம்மைத் திருத்தும். அங்கே பாராகாக்சிடியாய்டிஸ் பிரேசிலியென்சிஸ் என்ற பூஞ்சையின் ஜிபி-43 என்ற கிளைக்கோபுரதம், 1980-களிலிருந்து நோயறிதலின் மூலக்கல்லாக இருந்தது. அதற்கு எதிரான எதிர்ப்பொருள் நோயாளியின் இரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்தப் புரதத்திலிருந்து 15 அமினோ அமிலங்கள் கொண்ட பி-10 என்ற துண்டைப் பிரித்தெடுத்து, சுண்டெலிகளில் தடுப்பாற்றலையும் உண்டாக்கினார்கள். ஆயினும் நாட்டின் நடுமேற்குப் பகுதியில் நோய் தெளிவாக இருந்தும் சோதனை இல்லை என்று சொன்னது. 2009-இல் விடை கிடைத்தது: அங்கே நோயுண்டாக்குவது பாராகாக்சிடியாய்டிஸ் லுட்சியை என்ற வேறு இனம், அதனிடம் ஜிபி-43 அந்த அளவுக்கு வெளிப்படுவதில்லை. ஓரிடத்துப் பூஞ்சையை வைத்துச் செய்த சோதனை மற்றோரிடத்தில் பொய் சொல்லக்கூடும். ஆகவே நம் மண்ணின் ரைசோபஸ், நம் வயல்களின் ஃப்யூசேரியம் ஆகியவற்றின் புரதங்களை நாமே ஆராய்வதற்கு நாட்டுப்பற்று காரணமல்ல. சோதனையின் துல்லியமே அதைக் கேட்கிறது.

இனி தடுப்பூசிக்கு வருவோம். எதிர்ப்பாற்றல் குன்றியவரிடம் ஊசி பலிக்குமா என்ற முதல் மறுப்புக்கு மூன்று விடைகள் உண்டு. முதலாவது, பூஞ்சை நோயாளிகள் எல்லோரும் அப்படிப்பட்டவர்கள் அல்லர். அடிக்கடி திரும்பத் திரும்பக் கேண்டிடா தொற்றால் அவதிப்படும் பெண்களில் பெரும்பாலோர் நலமானவர்கள்தாம். ஆல்ஸ்-3 புரதத்தின் ஒரு பகுதியைக் கொண்ட என்டிவி-3ஏ தடுப்பூசியை 188 பெண்களிடம் சோதித்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். நாற்பது வயதுக்குக் குறைந்தவர்களில், ஊசி பெற்றோரில் 42 விழுக்காட்டினர் ஓராண்டு அறிகுறியின்றி இருந்தார்கள். போலி ஊசி பெற்றோரில் 22 விழுக்காட்டினர். எல்லா வயதினரிடமும் அந்தப் பலன் தெரியவில்லை. ஆனாலும் ஒற்றைப் பூஞ்சைப் புரதம் மனிதரிடம் பயன் தரக்கூடும் என்பதற்கு அது முதல் அறிகுறி. இரண்டாவது, நம் எதிர்ப்பாற்றல் ஒரே படையைக் கொண்டதல்ல. சிடி-4 டி செல்கள் இல்லாத சுண்டெலிகளிலும் சிடி-8 டி செல்கள் அந்த வேலையை ஏற்றுக்கொண்டு காப்பாற்றியதை, பிளாஸ்டோமைசிஸ், ஹிஸ்டோபிளாஸ்மா பூஞ்சைகளில் நடந்த ஆய்வுகள் காட்டின. மூன்றாவது, உறுப்பு மாற்று அறுவைக்குக் காத்திருப்பவருக்கு ஆற்றல் குன்றுவதற்கு முன்பே ஊசி போடலாம். அது இயலாதவருக்கு ஆயத்தமான எதிர்ப்பொருளையே மருந்தாகக் கொடுக்கலாம். காத்-எச்-3-க்கு எதிரான எதிர்ப்பொருள் அந்த வழியில்தான் போகிறது.

இதைவிடக் கனமான மறுப்பு, நான் முதலில் சொன்ன உறவுமுறையிலிருந்து வருகிறது. நம் புரதத்தை ஒத்த பூஞ்சைப் புரதத்துக்கு எதிராக உடலைத் தூண்டினால், உடல் தன்னையே தாக்கிக்கொள்ளாதா? இந்த அச்சம் வெறுமையானதல்ல. ஆஸ்பெர்ஜில்லஸின் ஆஸ்ப்-எஃப்-6 என்ற ஒவ்வாமைப் புரதம் நம் மாங்கனீசு சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸை மிகவும் ஒத்தது. சில நோயாளிகளின் எதிர்ப்பொருள் இரண்டையும் பற்றுகிறது. நுரையீரல் ஒவ்வாமை நோயைப் பிரித்தறிய அந்தப் புரதம் உதவுகிறது. தடுப்பூசிக்கு அதை யாரும் நம்பிக்கையோடு பரிந்துரைக்க மாட்டார்கள். நோயறிதலுக்கு நல்ல புரதம் தடுப்பூசிக்கு நல்லதாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. கேண்டிடாவின் எச்எஸ்பி-90 புரதத்துக்கு எதிரான மைக்கோகிராப் என்ற எதிர்ப்பொருள் மருந்தும் ஒரு பாடம். எச்எஸ்பி-90 நம்மிடமும் இருப்பது. பாதுகாப்பு, தயாரிப்புத் தரம் இரண்டையும் பற்றிய ஐயங்களால் ஐரோப்பிய மருந்து முகமை 2006-இல் அதை ஏற்க மறுத்தது. ஆஸ்பெர்ஜில்லஸ், கேண்டிடா, நியூமோசிஸ்டிஸ் மூன்றுக்கும் பொதுவான கெக்சின் புரதத்தை வைத்து ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் செய்த என்எக்ஸ்டி-2 தடுப்பூசி, ஆற்றல் குன்றவைத்த விலங்குகளையும் காப்பாற்றியது; அந்த ஆய்வு 2022-இல் வெளியானது. பல நோய்க்கு ஒரே ஊசி என்பது கவர்ச்சியான எண்ணம்தான். ஆனால் பூஞ்சைகளுக்குள் பொதுவாக இருக்கும் புரதம் நம்மிடமும் ஏதோ ஒரு வடிவில் இருக்க வாய்ப்பு அதிகம். ஆகையால் நமக்கு இல்லாத பகுதியை மட்டும் வெட்டியெடுப்பதும் மனிதரிடம் பொறுமையாகச் சோதிப்பதும் இங்கே இருமடங்கு அவசியம். நம் உடலிலேயே குடியிருக்கும் கேண்டிடாவை முற்றிலும் விரட்டுவதும் குறிக்கோள் அல்ல. அது இழையாக நீளும்போது காட்டும் ஆல்ஸ்-3 போன்றதைக் குறிவைத்தால் குடியிருப்பவரை விட்டு ஊடுருவுபவரை மட்டும் தடுக்கலாம்.

இப்போது காக்சிடியாய்டிஸ் சோதனையின் இரண்டாவது பாடத்துக்கு வருகிறேன். தடுப்பூசி ஒன்று பலித்ததா என்று சொல்ல, ஊசி பெற்றவரிலும் பெறாதவரிலும் எத்தனை பேருக்கு அந்நோய் வந்தது என்று எண்ண வேண்டும். எண்ணுவதற்கு நோயை அடையாளம் காண வேண்டும். உடலுக்குள் ஊடுருவிய கேண்டிடா நோயில் இரத்தக் கல்ச்சர் ஏறத்தாழ பாதிப் பேரைத்தான் கண்டுபிடிக்கிறது. மீதிப் பாதியைத் தவறவிடும் அளவுகோலை வைத்துக்கொண்டு தடுப்பூசிச் சோதனை நடத்தினால் விடை தெளிவாக வராது. நல்ல தடுப்பூசியே தோற்றுப்போனதாகத் தோன்றலாம். இவ்வளவு செலவில் சிலருக்கு மட்டுமே பயன்படும் தடுப்பூசி வேண்டுமா என்று கேட்பவருக்கும் இதே விடைதான். எத்தனை பேருக்குப் பயன்படும் என்பது நோயை எண்ணத் தொடங்கினால்தான் தெரியும். எண்ணாத வரை அவர்கள் சிலர் என்று சொல்வதும் ஊகமே. நோயறிதலில் போடும் பணம் தடுப்பூசிக்கு எதிரானதல்ல. தடுப்பூசிக்கான முதல் தவணை.

ஆகவே ஆராய்ச்சியின் வரிசை எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. முதலில் உறுதிசெய்யப்பட்ட ஒவ்வொரு நோயாளியிடமிருந்தும் ஒப்புதல் பெற்றுப் பூஞ்சை, சீரம், சிறுநீர், திசு ஆகியவற்றைச் சேமிக்க வேண்டும். அவற்றிலிருந்து, நோயின்போது மட்டும் பூஞ்சை செய்யும் புரதங்களைப் பிரித்தறிய வேண்டும். அவற்றுள் நம்மிடம் இல்லாதவற்றையும் வேறு இனங்களில் இல்லாதவற்றையும் கொண்டு, மாவட்ட மருத்துவமனையிலும் செய்யக்கூடிய எளிய சோதனைகளை உருவாக்கி, நம் பகுதிப் பூஞ்சைகளிடம் சரிபார்க்க வேண்டும். அதற்குப் பிறகே, நுழைவுக்கு இன்றியமையாத சிலவற்றைத் தடுப்பூசிக்குத் தேர்ந்தெடுக்கலாம். இதில் எதுவும் விரைவில் முடியாது. ஆனால் இந்த வரிசையில் நடந்தால், தடுப்பூசி வருவதற்கு வெகுகாலம் முன்பே ஒவ்வொரு படியிலும் ஒரு பயன் நோயாளியின் கைக்கு வந்து சேரும். தலைகீழாக நடந்தால், தடுப்பூசி வந்தபின்னும் அது யாரைக் காத்தது என்று சொல்ல நம்மிடம் கணக்கு இருக்காது.